தங்கவேல் ஐயா வீட்டு இங்கிலீஷ் செட்

வேலையை விட்டு ரெண்டு வருஷமாகிறது. ஆனால் நான் இருந்த தேனி ரேடியோக் கடையில் இப்போது உட்கார்ந்திருக்கும் சேகரும் பிரபுவும் என்னை விட்டபாடில்லை. வாரத்துக்கு ஒரு போனாவது வந்துவிடும். போன மாதம் வந்த போன் இப்படி ஆரம்பித்தது.

“அக்கா, பெங்களூர்ல இருந்து கார் போட்டு ஒருத்தர் வந்திருக்காக. பழைய ஆம்ப்ளிஃபையர் இருந்தா எடுத்துக்கிறேங்கிறாக. ஓடலைன்னாலும் பரவாயில்லையாம்.”

“ஓடாத ஆம்ப்ளிஃபையர வச்சு என்ன செய்வாகளாம்?”

“விண்டேஜாம்க்கா. அந்தக் காலத்துச் சத்தம் இந்தக் காலத்துச் சாமான்ல வராதுங்கிறாக. நெசமாக்கா?”

நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். அடுப்பில் வைத்திருந்த பால் பொங்கி, அடிப்பிடித்து, தீய்ந்த வாசம் வாசல் வரைக்கும் வந்த பிறகும் நான் முடிக்கவில்லை. கடைசியில் சேகர்தான் சொன்னான்: “அக்கா, நீங்க எழுதிக் குடுத்துருங்க. கேட்டு வர்றவுகளுக்கு ஜெராக்ஸ் போட்டுக் குடுத்துர்றோம்.” கிண்டலாகத்தான் சொன்னான். நான் நிஜமாகவே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குச் சின்னமனூர். பத்தாவது முடித்த கையோடு, தேனியில் சாமுவேல் சாரின் ரேடியோக் கடையில் டிரான்ஸ்ஃபார்மருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிற வேலைக்குச் சேர்ந்தேன். ஆயிரத்துச் சொச்சம் சுற்று. நடுவில் யாராவது “சாப்டியாத்தா?” என்று கேட்டால் எண்ணிக்கை போய்விடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மூன்று வருஷம் யாரோடும் பேசாத பெண் என்று பெயரெடுத்தேன். பிறகு கடை மெக்கானிக் துபாய்க்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் சாமுவேல் சார் ஈயம் பற்றவைக்கிற சால்ட்ரிங் அயர்னை என் கையில் கொடுத்து, “சுடும்” என்றார். என் படிப்பு அவ்வளவுதான்.

வருகிறவர்கள் என் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்து, “மெக்கானிக் இல்லையாம்மா?” என்று கேட்பார்கள். “வெளிய போயிருக்காக, வச்சிட்டுப் போங்க” என்பேன். அடுத்த வாரம் வந்து பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, “மெக்கானிக் நல்லாப் பாத்திருக்காக” என்று சொல்வார்கள். “சொல்லிர்றேன்” என்பேன். இருபது வருஷம் இப்படியே ஓட்டினேன்.

சாமுவேல் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சலவைச் சட்டை, பையில் ஒரு டெஸ்டர், ஞாயிற்றுக்கிழமை ஆலயம், மற்ற ஆறு நாளும் கடை. ரிப்பேர் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. “எப்பருந்து சொகமில்ல?” என்றுதான் கேட்பார். கொண்டுவந்தவரும் குரலைத் தாழ்த்தி, “முந்தாநாள்ல இருந்து சார். இடது பக்கம் விட்டுவிட்டு வருது” என்பார்.

பெட்டியைத் திறப்பதற்கு முன் மோந்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய முதல் சட்டம். காற்றுத் துளையில் மூக்கை வைத்து, கண்ணை மூடி, ஒரு நிமிடம் நிற்பார். டிரான்ஸ்ஃபார்மர் கருகியிருந்தால் கருவாடு சுட்ட வாசம் வரும். கண்டென்சர் ஒழுகியிருந்தால் மீன் கழுவின தண்ணீர் வாசம். மலையிலிருந்து வரும் பெட்டிகளில் பூஞ்சை நெடி. போடியிலிருந்து வருவதெல்லாம் ஏலக்காய் மணக்கும், அது நோயில் சேராது. இரண்டாவது சட்டம், நேராகக் கரண்ட் கொடுக்கக் கூடாது. ஒரு நூறு வாட் குண்டு பல்பு வழியாகத்தான் கொடுக்க வேண்டும். பெட்டிக்குள் ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து பழியைத் தான் வாங்கிக்கொள்ளும், செட் தப்பிக்கும். பல்பு மங்கினால் நல்ல சேதி. மூன்றாவது, வேலை முடிந்த பிறகு செட் ரெண்டு மணி நேரம் ஓட வேண்டும், அதுவரைக்கும் கடைக்குள் யாரும் ‘நல்லாருக்கு’ என்று சொல்லக் கூடாது. “நல்லாருக்குன்னு ஒருத்தன் சொல்லிட்டா மத்தவன் காது வேல செய்யாது” என்பார்.

அதை நான் சீக்கிரமே நேரில் பார்த்தேன். போடியில் ஒரு தலைமையாசிரியர் ஜப்பான் ஆம்ப்ளிஃபையரும் ரெண்டு பெரிய ஸ்பீக்கரும் வைத்திருந்தார். சிங்கப்பூரிலிருந்து மச்சான் கொண்டுவந்தது. அந்த ஸ்பீக்கரில் ஒரு கனிவு இருக்கிறது, புதுச் சாமானில் எல்லாம் சத்தம் காதைக் குத்துகிறது என்று ஆசிரியர் அறை முழுவதும் சொல்லி வைத்திருந்தார். தூசி தட்டுவதற்காக எங்களிடம் கொடுத்தார். பின்பக்கம் திறந்தால், ரெண்டு பெட்டியிலும் எலி கூடு கட்டியிருந்தது. தலையணைப் பஞ்சு, விடைத்தாள் கிழிசல், ஒரு குழந்தையின் காலுறை. எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுச் சுத்தமாகத் துடைத்துக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் தலைமையாசிரியர் வந்து நின்றார். முகம் செத்துப்போயிருந்தது.

“என்னம்மா செஞ்சீக? அந்தக் கனிவு போயிருச்சே! குத்துதும்மா. மத்த செட்டு மாதிரியே குத்துது.”

நான் சாமுவேல் சாரைப் பார்த்தேன். அவர் என்னை உள்ளே கூப்பிட்டு, சத்தம் வெளியே போகாமல் சொன்னார்: “எலி சரியாத்தான் செஞ்சிருக்கு, பஞ்சு குத்தல அடக்கும். பஞ்ச வையி.”

வைத்தேன். எலி வைத்த அளவு தெரியாததால் ரெண்டு தடவை கூட்டிக் குறைத்து வைத்தேன். தலைமையாசிரியர் கண்ணை மூடிக் கேட்டார். “இப்ப வந்துருச்சு. ஜப்பான்காரன் ஜப்பான்காரன்தான்” என்றார்.

இனி தங்கவேல் ஐயா கதை. சேகருக்கும் பிரபுவுக்கும் நான் இதுவரை இதைச் சொன்னதில்லை.

தங்கவேல் ஐயா சின்னமனூரில் ஏலக்காய் வியாபாரி. மேகமலையில் தோட்டம். அந்தக் காலத்தில் மலையிலிருந்த வெள்ளைக்கார எஸ்டேட் மேனேஜர் ஊருக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் போனார். அதில் ஐயா எடுத்தது கண்ணாடி வால்வுகள் சூடேறி எரிந்தால்தான் பாடுகிற ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையர், இசைத்தட்டு சுழலும் மேசை, இடுப்பு உயரத்துக்கு ரெண்டு தேக்குமர ஸ்பீக்கர். ஜீப்பில் மெத்தை விரித்து, மலைப்பாதை முழுவதும் ரெண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு இறக்கினாராம். ஊரில் அதற்கு இங்கிலீஷ் செட் என்று பெயர். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஐயா பாட்டுப் போடுவார். தெருவிலிருந்து ஆட்கள் குளித்துவிட்டு வந்து பாயில் உட்காருவார்கள். பேசக் கூடாது. இருமல் வந்தால் வெளியே போய் இருமிவிட்டு வர வேண்டும். சளி பிடித்தவர்கள் அந்த வாரம் வரவே மாட்டார்கள்.

ஓர் ஐப்பசி மழையில் இடி விழுந்து தெருவில் பாதி வீட்டு மின்சாமான்கள் போயின. ஐயா வீட்டு செட்டும் போயிற்று. ஸ்பீக்கரை விட்டுவிட்டு ஆம்ப்ளிஃபையரை மட்டும் காரில், மடியில் வைத்துக்கொண்டு தேனிக்குக் கொண்டுவந்தார். சாமுவேல் சார் மோந்தார். திரும்ப மோந்தார். மூக்கை எடுக்காமலே கொஞ்ச நேரம் நின்றார்.

“பொழைக்குமா சாமுவேலு?”

“ரெண்டு வாரம் குடுங்கய்யா. பாப்போம்.”

திறந்தால் உள்ளே ஒன்றுமே மிச்சமில்லை. இருந்த டிரான்ஸ்ஃபார்மர் மூன்றும் கரி. வால்வுகளில் கண்ணாடி உடையவில்லை, உயிர்தான் இல்லை. சாமுவேல் சார் மதுரையில் தேடினார். சென்னைக்கு எழுதினார். கொச்சிக்கு ஆள் அனுப்பினார். அந்த நம்பர் வால்வை இப்போது செய்வதே இல்லை என்று எல்லாப் பக்கமும் ஒரே பதில். இதற்கிடையில் ஐயா ஒன்றுவிட்டு ஒருநாள் கடைக்கு வந்து, செட்டின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் மலை வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கி வந்தார், ஆஸ்பத்திரிக்கு வருகிற மாதிரி. அதை யாருக்கு என்று கொண்டுவந்தார் என எங்களுக்குத் தெரியவில்லை. நாங்கள்தான் சாப்பிட்டோம்.

பதிமூன்றாம் நாள் சாமுவேல் சார் என் மேசைக்கு வந்தார்.

“செல்வராணி, நம்ம போர்டப் போட்டா என்ன?”

நம்ம போர்டு என்றால் கடையில் நாங்களே கோத்துத் தயாரிக்கும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் போர்டு. கம்பம் பள்ளத்தாக்கில் பாதி டீக்கடை, கல்யாண மைக் செட், டவுன் பஸ் எல்லாவற்றிலும் அதுதான் பாடிக்கொண்டிருந்தது. அதையா ஐயா வீட்டில் வைப்பது என்று நினைத்தேன். ஆனாலும் செய்தோம், மனசு வைத்துச் செய்தோம். அதற்கான டிரான்ஸ்ஃபார்மரை நான் மூன்று நாள் சுற்றினேன். அப்படி ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் நான் சுற்றியதில்லை. வால்வுகள் பார்வைக்கு நின்ற இடத்திலேயே நின்றன. எரிகிற மாதிரி தெரிய வேண்டுமே? திருவிழாச் சீரியல் லைட்டிலிருந்து ஆரஞ்சு பல்புகளைக் கழற்றி, ஒவ்வொரு வால்வுக்குப் பின்னாலும் ஒன்று வைத்தேன். வால்வு செட் சூடேறிப் பாட அரை நிமிடம் ஆகும். எங்கள் போர்டு சுவிட்சைப் போட்டதுமே பாடும். அதற்கு சாமுவேல் சார் தாமதித்து இணைக்கிற ஒரு ரிலே வைத்தார்.

“இது எதுக்கு சார்?”

“ஆன் பண்ணுனதும் ஸ்பீக்கர்ல டொம்முன்னு ஒரு அடி விழும்ல, அது விழாம இருக்க.”

உண்மைதான். ஆனால் அதற்கு மூன்று வினாடி போதும். அவர் முப்பது வினாடி வைத்திருந்தார்.

“ஐயாட்ட சொல்லணும்ல சார்?”

“சொல்லாம? கொண்டுபோய் வச்சதும் மொத வேல அதான்.”

கொண்டுபோய் வைத்தோம். தெருவே வந்திருந்தது. சுவிட்சைப் போட்டார் சாமுவேல் சார். வால்வுகள் ஆரஞ்சாக எரிந்தன. அரை நிமிடம் போனது. பாட்டு வந்தது. ஐயா கண்ணை மூடினார். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

“முன்னாடியவிட நல்லாருக்குய்யா, சாமுவேலு.”

சாமுவேல் சார் பக்கத்தில் போய், “ஐயா, ஒரு விஷயம்…” என்று ஆரம்பித்தார். ஐயா உதட்டில் விரலை வைத்தார். “பாட்டு ஓடுதுல்ல?” பாட்டு முடிந்ததும் யாரோ ஒரு சால்வையைக் கொண்டுவந்து சாருக்குப் போர்த்திவிட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு மனிதர் அந்த விஷயத்தை எப்படிச் சொல்வார்?

கூலி வாங்காமல் கிளம்பினார். பஸ் வீரபாண்டியைத் தாண்டியதும் சால்வையை மடித்துப் பையில் வைத்தார். பிறகு சொன்னார்: “கேட்டா சொல்லீரணும், செல்வராணி. கேக்காம நாமளாப் போயி அவுக சந்தோசத்தக் கெடுக்கக் கூடாது.” தேனியில் இறங்கும்போது, “இது சரியா தப்பான்னு எனக்கே தெரியல” என்றார்.

ஒருவரும் கேட்கவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை நான் போய், ஐயா காபி குடிக்க உள்ளே போகிற நேரம் பார்த்து, ஃப்யூஸான சீரியல் பல்புகளை மாற்றிவிட்டு வருவேன். இங்கிலீஷ் செட்டின் பெயர் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. ஒருதடவை நான் அங்கே இருந்தபோது குமுளியிலிருந்து ஒரு மலையாளி, பழைய செட்டுகளைக் கேட்பதற்கென்றே ஊர் ஊராகப் போகிறவர், வந்து உட்கார்ந்து பாட்டுக் கேட்டார். வால்வுச் சத்தத்துக்கு ஒரு சூடு உண்டு, அது நெஞ்சில் படும், டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரில் அது கிடைக்கவே கிடைக்காது என்று முக்கால் மணி நேரம் பேசினார். பேசிக்கொண்டே ஒரு வால்வின் மேல் கையை வைத்துவிட்டார். அது செத்த வால்வு. ஓடுகிற வால்வைத் தொட்டால் தோல் உரிந்துவிடும்.

“எந்தா இது, சூடே இல்லல்லோ?” என்றார்.

ஐயா சிரித்தார். “நல்ல சாமான் சூடாகாதுங்க.”

மலையாளி தலையை ஆட்டி ஆட்டி அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

சாமுவேல் சார் காலமானார். நான் ஓய்வுபெற்றேன். போன தை மாதம் தங்கவேல் ஐயாவும் போய்ச் சேர்ந்தார். மூன்று மாதம் கழித்து அவருடைய மனைவி ராஜாத்தியம்மாள், செட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆள் அனுப்பினார்கள்.

வீட்டில் பாகப்பிரிவினை. மூத்தவர் மகேந்திரன், மலைத்தோட்டத்தைப் பார்ப்பவர். இளையவர் கண்ணன், ஏலக்காய்க் கடையைப் பார்ப்பவர். வீடு, கடை, தோட்டம் எல்லாம் பிரித்தாகிவிட்டது. இங்கிலீஷ் செட்டில் வந்து நின்றுவிட்டது. அண்ணன் தம்பி பேச்சு முறிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, நடுவில் லேப்டாப்போடு இருந்த பத்திர எழுத்தர் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

“செட்டு எனக்குத்தான்னு அவன்ட்ட சொல்லுங்க” என்றார் மகேந்திரன்.

“அப்பா ஞாயித்துக்கெழம யார பக்கத்துல உக்கார வச்சாகன்னு அவரக் கேக்கச் சொல்லுங்க” என்றார் கண்ணன்.

ரெண்டு பேர் காதிலும் அது ஏற்கெனவே விழுந்திருந்ததால், எழுத்தர் லேப்டாப் திரையைத் துடைத்தார்.

மகேந்திரன் என் பக்கம் திரும்பினார். “அக்கா, நீங்கதான் இத்தன வருசம் பாத்தீக. செட்டு நல்ல கண்டிஷன்தான?”

“நல்ல கண்டிஷன் தம்பி.” அதில் பொய் இல்லை.

“இன்னும் ஓடுமா?”

“ரொம்ப நாள் ஓடும். பார்ட்ஸ் ஈசியாக் கெடைக்கும்.”

எழுத்தர் தலையைத் தூக்கினார். “பழைய சாமானுக்குப் பார்ட்ஸ் கெடைக்காதும்பாகளே?”

நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அப்போதுதான் மகேந்திரன் அதைச் சொன்னார். “எழுதுங்க. கெழக்க இருக்குற மூணு ஏக்கர் ஏலத்தோட்டம் அவனுக்கு. செட்டு எனக்கு.”

சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கிழக்குத் தோட்டம் மகேந்திரன் கல்யாணமான புதிதில் அட்டைக்கடியோடு அட்டைக்கடியாக நின்று நட்டு வளர்த்தது. மலையில் அவருக்கு இருந்ததிலேயே நல்ல நிலம்.

“எனக்குத் தோட்டம் வேணாம்னு சொல்லுங்க. செட்டுதான் வேணும்” என்றார் கண்ணன்.

“இன்னும் ஒரு ஏக்கர் சேத்து நாலு!” என்றார் மகேந்திரன்.

எழுத்தர் தட்ட ஆரம்பித்தார். கேட்டால் சொல்ல வேண்டும் என்றுதான் சாமுவேல் சார் சொல்லியிருந்தார். இவர்கள் ஓடுமா என்று கேட்டார்களே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள். சொன்னால் செத்துப்போன சாமுவேல் சாரின் பெயர் கெடும். கடையில் சேகரும் பிரபுவும் அந்தப் பெயரை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். சொல்லாவிட்டால் டீக்கடைப் போர்டு ஒன்றுக்காக நாலு ஏக்கர் ஏலத்தோட்டம் கைமாறும். கீபோர்டு சத்தம் டக்டக்கென்று கேட்டுக்கொண்டே இருந்தது.

“தம்பி, ஒரு நிமிசம் நிறுத்தச் சொல்லுங்க” என்றேன். பையிலிருந்து ஸ்க்ரூட்ரைவரை எடுத்தேன். ஆறு திருகாணி. பின்பலகையைக் கழற்றிக் கீழே வைத்தேன்.

நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். இடி, கருகிய டிரான்ஸ்ஃபார்மர், கிடைக்காத வால்வு, எங்கள் போர்டு, சால்வை எல்லாம்.

மகேந்திரன் எழுந்துவிட்டார். “எங்கப்பாவ ஏமாத்தியிருக்கீக! இத்தன வருசம்! நாளைக்கே பஜார் பூராம் சொல்லுவேன்.”

“சொல்லுங்க தம்பி. ஆனா என் பேரச் சொல்லுங்க. சால்ட்ரிங் வச்சது நான். சாமுவேல் சாரச் சொல்லாதீக, அவுக அன்னைக்கே சொல்ல வந்தாக, ஐயாதான் பேச விடல.”

கண்ணன் அதற்குள் முட்டிபோட்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வாரத்துக்குப் பிறகு அண்ணனிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்:

“அண்ணே, இங்கன வந்து பாரேன். சீரியல் பல்பு!”

மகேந்திரன் அவர் பக்கத்தில் முட்டிபோட்டார். ரெண்டு தலையும் பெட்டிக்குள் போயின. பிறகு தம்பி சொன்னார், “இவ்வளவு ஆசப்படுற, நீயே எடுத்துக்கண்ணே.”

“ஏலே, நீதான அப்பா பக்கத்துல உக்காந்தவன்? நீயே வச்சுக்க.”

“மூத்தவன் இருக்கப்ப நான் எப்புடி?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் மூன்று நாள் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் அது. “ரெண்டு பேரும் கேளுங்க தம்பி. இந்த ஸ்பீக்கர் ரெண்டும் வெள்ளக்காரர் வச்சிருந்ததேதான். அதுல நாங்க கை வைக்கல. தேக்குப் பெட்டி, காகிதக் கூம்பு, இந்தா பெருசா பின்னால காந்தம், இப்புடி இப்ப யாரும் கனமாச் செய்யிறதில்ல. உங்கப்பா கேட்டு அழுதது பாதிக்கு மேல இதத்தான். நடுவுல இருக்குற ஆம்ப்ளிஃபையர் ஒழுங்காச் செஞ்சிருந்தாப் போதும். அது இங்கிலாந்துல செஞ்சதா தேனியில செஞ்சதான்னு காதுக்குத் தெரியாது. தெரியும்னு சொல்லிக் கண்டுபிடிச்ச ஒருத்தரையும் நான் இன்னும் பாக்கல.”

“எனக்குத் தெரிஞ்சுச்சே” என்றது ஒரு குரல்.

ராஜாத்தியம்மாள். அதுவரை தூணோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள்.

“என்னம்மா தெரிஞ்சுச்சு?” என்றேன்.

“பழசுல மழை வர்ற அன்னைக்கு உள்ளுக்குள்ள வண்டு இரையிற மாதிரி ஒரு சத்தம் வரும். நீங்க தேனியில இருந்து கொண்டாந்ததுக்கப்பறம் அது வரல. பாட்டுல சலங்கச் சத்தம் தனியாக் கேட்டுச்சு. முந்தி கேட்டதே இல்ல. அன்னைக்கே அவுகட்ட சொன்னேன், இது நம்ம பெட்டி இல்லன்னு.”

“ஐயா என்ன சொன்னாக?”

“உனக்குக் காதே இல்லன்னாக.”

என் வாழ்நாளில் எவ்வளவோ பேரை, கேள்வி ஞானம் உள்ளவர்கள் என்று சொல்லிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மலையாளி உட்பட. சேகர், பிரபு, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: நாங்கள் செய்ததைக் காதால் கண்டுபிடித்தது இந்த அம்மா ஒருவர்தான். அதுவும் புதுசுதான் தெளிவு என்று சொன்னார்கள்.

“அப்பவே என்னக் கேட்டிருக்கலாமேம்மா?”

“மனுசன் அம்புட்டு சந்தோசமா இருந்தாக. எனக்கும் சத்தம் நல்லாருந்துச்சு. விட்டுட்டேன்.” பிறகு மகன்கள் பக்கம் திரும்பினார்கள். “ரெண்டு பேருக்கும் வேணாம்ல? அப்ப எனக்கு எழுதச் சொல்லுங்க. நான் கல்யாணமாகி வந்த வருசந்தான் இதும் வந்துச்சு. தூசி தொடைக்கிறதுக்கு நான், குமிழத் திருகுறதுக்கு அவுக. ஒருநா ஒருபொழுது என்னத் தொட விட்டதில்ல.”

எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார்கள். “ஏத்தா, போன்ல வர்றது இதுல கேக்குமா?”

“கேக்கும்மா. ஒரு வயரு சொருகணும், அம்புட்டுத்தான்.” வயர் என் பையிலேயே இருந்தது. பின்பலகையை மூடாமலே சொருகினேன். “என்ன போடட்டும்?”

“கம்பத்துல இருந்து எந்தங்கச்சி காலையில ஏதோ பேசி அனுப்பியிருக்கா. எனக்கு இந்தப் போன்ல சரியாக் கேக்கல. அதப் போடு. சத்தம் கூட்டுறது எது?”

காட்டினேன். அந்தப் பித்தளைக் குமிழை ரெண்டு விரலால் பிடித்து, கடைசி வரைக்கும் திருகிவிட்டார்கள்.

“அம்மா, அவ்வளவு வேணாம்மா” என்று மகேந்திரன் சொல்லி முடிப்பதற்குள், ரெண்டு தேக்குப் பெட்டியிலிருந்தும் கம்பத்துத் தங்கை கூடத்துக்குள் வந்து நின்றுவிட்டார்.

“அக்கா! நான் காவேரி பேசுறேன். மாத்திர போட்டியா? ஏக்கா, பெரியவன் அந்த ஓட்டப் பெட்டிக்காகக் கெழக்குத் தோட்டத்த எழுதிக் குடுக்கப் போறானாமே? அவன் பொண்டாட்டி நேத்து ராத்திரியே எனக்குப் போனப் போட்டு ஒரே அழுக. அத்தானுக்குத்தான் அதுமேல கிறுக்குன்னா, பெத்தது ரெண்டும் அப்படியேவா போகணும்? சின்னவன் அதுக்கு மேல இருக்கான். நல்லாப் படிச்சவன், புத்தி எங்க போச்சு? ரெண்டு பயலுக காதையும் பிடிச்சுத் திருகுக்கா. சரி வச்சிர்றேன், பால்காரர் வந்துட்டாக.”

தெருவில் போன ரெண்டு பேர் நின்று வீட்டுக்குள் பார்த்தார்கள். மகேந்திரனின் மனைவி சமையலறைக்குள் மறைந்துவிட்டாள். பத்திர எழுத்தர் லேப்டாப் திரைக்குப் பின்னால் குனிந்திருந்தார், தோள் மட்டும் குலுங்கியது.

மகேந்திரன் தொண்டையைச் செருமினார். “அந்தக் கெழக்குத் தோட்டத்த அழிச்சிருங்க. முந்தி இருந்த மாதிரியே சரிபாதியாப் போடுங்க.” தம்பியைப் பார்த்தார். கண்ணன் தலையாட்டினார்.

“செட்டு?” என்றார் எழுத்தர்.

“அம்மா பேருக்கு.”

ராஜாத்தியம்மாள் இதையெல்லாம் கவனிக்கவே இல்லை. கை இன்னும் குமிழின் மேலேயே இருந்தது.

“என்னா தெளிவு, செல்வராணி! அவ மூச்சு வாங்குறதுகூடக் கேக்குது. இன்னொரு தடவ போடு.”